சாவுக்குத் தெரியாத பாஷை

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதிவிடுவேன், சிலது அடியோடு மறந்தும் போயிற்று. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் சபையில் பெண்கள் கூடுகிற கூட்டத்தில் வேதத்துப் பெயர்களையும் அவற்றின் பொருளையும் பற்றிப் பாடம் நடந்தது. ஒவ்வொருத்தியாக எழுந்து தன் பிள்ளைக்கு என்ன பெயர், அதற்கு என்ன பொருள், ஏன் வைத்தோம் என்று சொன்னார்கள். கர்த்தர் கேட்டார் என்றும், கர்த்தர் கொடுத்தார் என்றும், வெளிச்சம் என்றும் நல்ல நல்ல பொருளாகச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். வாய் திறக்க வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தெரியாமல் என்ன. நாலு பேர் முன்னால் சொல்லக்கூடியதாக அது இல்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன். யார் பெயரையும் இதில் போடவில்லை. மகளின் பெயரை மட்டும் போடாமல் எழுத முடியாது.

அப்போது நாங்கள் மதுரை செல்லூரில் குடியிருந்தோம். எழுபதுகளின் நடுவில் இருக்கும். என் வீட்டுக்காரர் விசைத்தறிப் பட்டறையில் வேலை பார்த்தார். நாங்கள் இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் குழித்தறி போட்டு நெய்கிற குடும்பம் இருந்தது. சௌராஷ்டிரக்காரர்கள். தெருவில் எங்களோடு தமிழ் பேசுவார்கள், வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டால் அவர்கள் பாஷை. அந்த அக்காவுக்கு வளர்ந்த ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். பெண் இல்லை. நான் அவர்களுக்கு ஊடை நூலை ராட்டையில் தாராகச் சுற்றிக் கொடுப்பேன். நூலைக் கொடுக்கும்போதும் சுற்றிய தாரை வாங்கும்போதும் நாங்கள் பேசிக்கொள்வது கொஞ்சந்தான். நான் பேசப் பயப்படுகிறவள் என்று அவர்களுக்குத் தெரியும். என்னைப் பேசச் சொல்லி வற்புறுத்த மாட்டார்கள்.

எனக்கு முதலில் பிறந்த ஆண்பிள்ளை தங்கவில்லை. இரண்டாவது பெண்ணும் தங்கவில்லை. இரண்டு பேருக்கும் எங்கள் சபை உபதேசியார் வேதத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார். முதல் பெயருக்குப் பாக்கியவான் என்று பொருள். இரண்டாவது பெயருக்கு ஜீவன் என்று பொருள். இதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவதாக இவள் பிறந்தாள். பிறந்த கொஞ்ச நாளிலேயே என் மாமியார் ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டார்கள். எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, உசிலம்பட்டி போகிற வழியில், மானாவாரிக் காடு. மாமனார் காலத்தில்தான் வேதத்துக்கு வந்த குடும்பம். மற்ற சொந்தமெல்லாம் இன்றைக்கும் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கிறவர்கள். எங்கள் பக்கம் பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளைக்குக் குப்பை என்றோ பிச்சை என்றோ பெயர் வைப்பார்கள். சாவு வந்து பார்த்துவிட்டு, இது குப்பைதானே என்று விட்டுவிட்டுப் போகுமாம். மாமியார் ஞாயிறு தவறாமல் வேதக் கோயிலுக்குப் போகிறவர்கள், ஜெபம் பண்ணுகிறவர்கள். ஆனாலும் அந்த விஷயத்தை அவர்கள் விடவில்லை.

உபதேசியார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார்கள்.

“ஐயா, முன்ன ரெண்டுக்கும் நல்ல பேராத்தேன் வச்சீக. ரெண்டையும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டுப் போயிருச்சு. இதுக்குக் குப்பைன்னு எழுதிக்கங்க.”

“குப்பை பிச்சையெல்லாம் சபையில எழுத முடியாதும்மா. வேதத்துப் பேரா இருக்கணும்.”

“அம்புட்டுப் பெரிய புத்தகத்துல குப்பைன்னு ஒரு பேரு இல்லையாக்கும்?”

உபதேசியார் சிரித்துவிட்டார். நல்ல மனுஷர். இரண்டு பிள்ளைகளுக்கும் குழியருகே நின்று ஜெபம் பண்ணியவர் அவர்தான். சிரித்த வாயை உடனே மூடிக்கொண்டு, பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். அதில் கடைசிப் பக்கங்களில் பெயர்களும் பொருளும் போட்டிருந்தது. விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினார்.

“மாராள்னு ஒரு பேரு இருக்கு. புருஷனையும் ரெண்டு மகன்களையும் பறிகொடுத்த அம்மா ஒருத்தி, இனிமே என்னைப் பழைய பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க, மாராள்னு கூப்பிடுங்கன்னு சொன்னா. பழைய பேருக்கு இன்பம்னு பொருள். இதுக்குக் கசப்புன்னு பொருள்.”

“என்ன கசப்பு? பாகக்காக் கசப்பா, வேப்பங்காக் கசப்பா?”

“கசப்புன்னு மட்டுந்தேம்மா போட்டிருக்கு.”

“சரி, கசப்பே இருக்கட்டும். வாயில வச்சதும் தூன்னு துப்பிட்டுப் போயிரும்.” மாமியார் வெற்றிலையைத் துடைத்தபடி கொஞ்சம் யோசித்தார்கள். “அது எந்த ஊரு பாஷைங்க?”

“எபிரேயம்.”

“அது இங்கன வார சாவுக்கு வெளங்குமா?”

தார் வாங்க வந்து வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் பேசினார்கள். “எங்க வீட்டுக்கும் ஒருதரம் வந்துச்சு பெரியம்மா. எந்த பாஷையில கெஞ்சினாலும் கேக்கல.”

பிறகு உபதேசியார் பாபேல் கோபுரத்தைப் பற்றிச் சொன்னார். ஆதியில் ஜனங்கள் எல்லாருக்கும் ஒரே பாஷைதான் இருந்தது. வானத்தைத் தொடுகிற மாதிரி கோபுரம் கட்டப் போனார்கள். கர்த்தர் இறங்கிவந்து பாஷையைத் தாறுமாறாக்கிவிட்டார். ஒருத்தன் சொல்வது ஒருத்தனுக்குப் புரியாமல் போய், ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து போனார்கள். அப்படி வந்ததுதான் உலகத்தில் இத்தனை பாஷையும்.

“நம்ம மதுரைக் கோயில் தெற்குக் கோபுரம் உசரம் இருந்திருக்குமா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

“அதுக்கும் மேல.”

“அப்ப கொத்தன் சுண்ணாம்பு கேட்டா சித்தாளு தண்ணியத் தூக்கிக்கிட்டு வந்திருப்பா. எங்க பட்டறையில இப்பவும் அப்படித்தேன் நடக்குது.”

மாமியார் சிரிக்கவில்லை. “சாவு எப்ப வந்துச்சு? கோபுரத்துக்கு முந்தியா, பிந்தியா?”

“முந்திம்மா. ஆதாமோட மகன் காலத்துலயே வந்திருச்சு.”

“அப்ப அந்த மொதப் பாஷை அதுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?”

“தெரிஞ்சிருக்கும்தேன். ஆனா மொதப் பாஷை எபிரேயந்தான்னு சில பேரு சொல்றாக. தமிழுதான்னு எங்க பள்ளிக்கூடத்துத் தமிழ் வாத்தியார் சண்டைக்கு வாராரு. இன்ன பாஷைன்னு வேதத்துல எழுதல.”

மாமியாருக்கு இது போதவில்லை. நிச்சயமில்லாத ஒரு பூட்டைப் போட்டுவிட்டு எப்படித் தூங்குவது என்று கேட்டார்கள். இன்னொரு பூட்டும் போட வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. அடுத்த வீட்டுக்காரி ஒரு சுளகு, அதாவது ஒரு முறம் நிறையத் தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அன்றிலிருந்து பிள்ளை அவளைத்தான் அம்மா என்று கூப்பிட வேண்டும். பெற்றவள் பால் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், எல்லாம் செய்வாள், அம்மா என்ற சொல் மட்டும் அவளுக்குக் கிடையாது. சாவு தேடிக்கொண்டு வந்தால் இந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிவிடும்.

“இவுக பாஷை வேற. இவுக பாஷையில அம்மான்னு கூப்பிட்டுப் பேசிக்கிட்டுத் திரிஞ்சா, நம்ம வீட்டுப் புள்ளன்னு எதுக்குத் தெரியப்போகுது?” என்று மாமியார் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். சம்மதம்தான். அந்த நேரத்தில் பிள்ளை என்னை என்னவென்று கூப்பிடும் என்று நான் யோசிக்கவே இல்லை. கூப்பிடுகிற வயசு வரைக்கும் உயிரோடு இருந்தால் போதும் என்று இருந்தது.

ஞானஸ்நானத்தன்று போதகர் மாராள் என்ற பெயரைக் கேட்டதும் கையில் தண்ணீரோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேதத்தில் இருக்கிற பெயர்தான், ஐயா என்று உபதேசியார் மெதுவாகச் சொன்னார். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் ஞானஸ்நானம் கொடுத்தார். அடுத்த நாள் கொல்லைச் சுவருக்கு மேலே பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தேன். அந்தப் பக்கமிருந்து அக்கா சுளகில் தவிட்டை நீட்டினார்கள். மாமியார் அந்தத் தவிட்டைச் சலித்து, கருப்பட்டி போட்டுப் பிசைந்து, அடை தட்டினார்கள். விற்றவள் சாப்பிட்டால்தான் விற்றது விற்றதாகுமாம். நான் சாப்பிட்டேன். பால் கொடுக்கிற உடம்பு, பசி வேறு. ருசியாகத்தான் இருந்தது. அது ருசியாக இருந்ததை இன்றைக்கு வரைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மாராள் தங்கினாள். தவழ்ந்தாள், நடந்தாள். முதல் பேச்சு அவர்கள் பாஷையில்தான் வந்தது. தெருவில் பாவு விரித்திருக்கும்போது நூலுக்கு அடியில் குனிந்து குனிந்து ஓடிப்போய் அவர்கள் பாஷையில் அம்மா என்று கூப்பிடுவாள். தறிக்குழியில் உட்கார்ந்திருக்கிற அக்கா மிதிக்கிற காலை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ராட்டையைச் சுற்றிக்கொண்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பேசுவது புரியாது. சிரிப்பது புரியும். மாராள் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். சாப்பிட, தூங்க, தலைசீவ எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவாள். “அக்கா, பசிக்குது” என்பாள். தெருவில் பிள்ளைகள் சண்டை வந்தால் தவிட்டுப்புள்ள என்று கேலி செய்வார்கள். அவள் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு, “ஆமா, உங்களையெல்லாம் தவிட்டுக்குக்கூட யாரும் வாங்க மாட்டாக” என்று திருப்பிக் கொடுப்பாள். அந்த வாய் எனக்கு இல்லை. மாமியாரிடமிருந்து வந்தது என்று தெரிந்ததே.

ஒருமுறை அவளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. கண் திறக்காமல் கிடந்து, அவர்கள் பாஷையில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்கா நெய்வதைப் போட்டுவிட்டு வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அதே பாஷையில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கால்மாட்டில் உட்கார்ந்து விசிறினேன். காய்ச்சல் இறங்கியது. மாமியார் என் காதருகே வந்து, “பாத்தியா, ஏமாந்து போயிருச்சு” என்றார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதனால்தான் அவர்கள்மீது இன்றைக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம் அக்கா தாங்களாகவே கேட்டார்கள். “தங்கச்சி, போதும். புள்ள நல்லாத்தான் இருக்கா. இனிமே உன்னை அம்மான்னு கூப்பிடச் சொல்லவா?”

“வேணாங்க்கா. பயமா இருக்கு.”

“எம்புட்டு நாளைக்கு?”

பெரிய மனுஷி ஆகிற வரைக்கும் என்று மாமியார் சொல்லியிருந்தார்கள். அப்போது ஒரு சுளகு தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம். அதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்காரர், “எப்படிக் கூப்பிட்டா என்ன? உசுரோட இருக்கால்ல” என்பார். அவரை அப்பா என்றுதான் கூப்பிட்டாள். அதற்குத் தடை ஒன்றும் இல்லை.

மாமியார் ஊரில் காலமானார்கள். அதற்கு அப்புறம் எத்தனை வருஷம் என்று சரியாக நினைவில்லை, எண்பதுகளில்தான், மாராள் நடுநிலைப்பள்ளியில் படிக்கும்போது, ஒருநாள் மத்தியானம் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. சாப்பிட எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துச் சின்ன மகன் ஓடிவந்து, “அக்கா, வாங்களேன், எங்கம்மா எந்திரிக்க மாட்டேங்குது” என்றான். நெஞ்சுவலி. தறிக்குழியிலிருந்து தூக்கி வெளியே படுக்க வைக்கும்போதே முடிந்துவிட்டது.

சொந்தக்காரப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். அழுதார்கள். எல்லாம் அவர்கள் பாஷையில். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மாராள் பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். அந்தப் பெண்களுக்கு நடுவில் விழுந்து அழுதாள். என் மகள் அழுத அழுகையில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் புரிந்தது. அம்மா என்பதற்கு அவர்கள் சொல்லுகிற சொல். மற்றதெல்லாம் நீளமாக, இழுத்து இழுத்து, அந்தப் பெண்கள் அழுவதைப் போலவே அழுதாள். அவர்களுக்கு அது புரிந்தது. ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டு அதே பாஷையில் ஏதோ சொன்னாள். இவள் தலையை ஆட்டினாள். நான் கதவோரம் நின்றேன். உபதேசியார் சொன்ன கோபுரம் ஞாபகத்துக்கு வந்தது. சுண்ணாம்பு கேட்டவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்த சித்தாள் எப்படி நின்றிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது.

அப்புறம் அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

“அக்கா, எங்கம்மா போயிருச்சுக்கா. இனிமே எனக்கு அம்மா இல்லக்கா.”

நான் பெற்றவள் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இல்லை. தெருவுக்கே தெரியும். ஆனாலும் அவள் மனசில் வந்தது அதுதான். அந்த நேரத்தில் நான் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் இருக்கிறேனே, நான்தானே உன் அம்மா என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அது சாவு வந்திருக்கிற வீடு. எங்கோ தூரத்தில் இல்லை, அந்தக் கூடத்திலேயே இருக்கிறது. இத்தனை வருஷம் அதற்குத் தெரியாமல் வைத்திருந்ததை, அதன் காது கேட்க, தமிழில், எப்படிச் சொல்வேன்? அவள் தலையைத் தடவி, “ஆமாத்தா” என்று மட்டும் சொன்னேன். அம்மா இல்லை என்று அவள் சொன்னதற்கு ஆமாம் என்று சொன்னேன்.

அடுத்த வருஷமோ அதற்கு அடுத்த வருஷமோ பெரிய மனுஷி ஆனாள். சடங்கு முடிந்ததும் புதுச் சுளகு வாங்கி, தவிட்டை நிரப்பி, அவளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்காவின் பெரிய மகன் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். “எதுக்குக்கா இதெல்லாம்” என்று கூச்சத்தோடு வாங்கி, தறிக்குழிப் பக்கத்தில் வைத்தான். அக்கா போன பிறகு அந்தக் குழியில் யாரும் நெய்யவில்லை. வீட்டுக்கு வந்து சுவர் ஓரம் உட்கார்ந்தோம்.

“இனிமே அம்மான்னு கூப்பிடலாம்” என்றேன். இதைச் சொல்ல எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. கொடுத்த பொருளைத் திருப்பிக் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சிரித்தாள். மறுபடி திறந்தாள்.

“வரலக்கா” என்றாள்.

“சரி, வரும்போது கூப்பிடு.”

இப்போது அவள் திருநகரில் இருக்கிறாள். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள். என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறாள், குறை ஒன்றும் இல்லை. அவள் பிள்ளைகள் என்னை அம்மாச்சி என்று கூப்பிடுகிறார்கள். அவள் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். புதிதாக வருகிறவர்கள் என்னை அவளுடைய மூத்த அக்கா என்று நினைத்துக்கொள்வதும், பிறகு என் முகத்தைப் பார்த்துக் குழம்புவதும் உண்டு. அவள் எப்போதாவது தனியாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பாஷையில் ஏதோ முணுமுணுப்பாள். என்ன என்று நான் கேட்டதில்லை.

பெயர்ப் பாடம் நடந்த மாதத்தில் கூட்டத்தில் ஒரு பெண் வேதத்தில் வருகிற மாராளின் கதையைக் கடைசிவரைக்கும் வாசித்தாள். அதன் முடிவை அதுவரை நான் கவனித்துக் கேட்டதில்லை. அந்தக் கசப்புக்காரியின் விதவை மருமகள் மறுபடி கல்யாணம் கட்டி ஒரு பிள்ளையைப் பெறுகிறாள். மாமியார் அந்தப் பிள்ளையை எடுத்து மடியில் வைத்து வளர்க்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து, இந்த மாமியாருக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது என்கிறார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்ததும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்கள்தானாம். வாசித்தவள் அதோடு புத்தகத்தை மூடிவிட்டாள். எல்லாரும் ஆமென் சொன்னார்கள்.

பெற்றவளும் அங்கேதானே இருந்திருப்பாள். அவர்கள் அப்படிச் சொன்னபோது அவள் என்ன சொன்னாள் என்று வேதத்தில் எழுதியிருக்கிறதா, அந்தப் பிள்ளை பேச ஆரம்பித்த பிறகு அவளை என்னவென்று கூப்பிட்டது என்று இருக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். என் புத்தகத்தில் எழுத்து மிகவும் சின்னது, கண் தெரிவதில்லை. மகளிடம் வாசிக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நான் எழுதியிருப்பதில் பெயர், பொருள், கோபுரத்தின் கதை ஏதாவது தப்பாக இருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் யாராவது பொறுமையாகப் பார்த்து எனக்குச் சொல்ல வேண்டும்.